லோகநாதனின் வெள்ளை வண்டிக்கு நான் சொன்ன விலை

பழைய கார் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் வீடு தேடி வந்தார். எத்தனை பக்கம் என்று கேட்டேன். நாலு என்றார். தணிகாசலத்துக்கு எத்தனை என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே, "அவருக்கு ஆறுணா, போட்டோவோட" என்றார்.

அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு போட்டோவையும் நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, "அறுபத்தெட்டு வயசாவுது, இன்னும் அவுரு தட்டையே எட்டிப் பாத்துக்கினு இருக்கியே" என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் எழுதப்போவதும் அதைப் பற்றித்தான். ஆனால் நான் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

என் பெயர் ஏழுமலை. வாலாஜாபாத் பக்கம் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் ரைஸ் மில் களத்தில் நெல் காய வைத்தவர்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இந்தக் கட்டுரையைக்கூட நான் எழுதியதை என் மருமகன் பிழை திருத்தித் தருகிறார். அப்படிப்பட்ட நான் காஞ்சிபுரத்தில் மாடி வீடு கட்டி, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து, யாரிடமும் கை நீட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் இந்த வலது கையால் வந்தது. வண்டியின் மேல் இந்தக் கையை ஒரு முறை ஓட்டினால், எங்கே இடித்தது, எங்கே ஒட்டுப்போட்டது, யார் பெயின்ட் அடித்தது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

பதினாறு வயதில் கரீம் பாயிடம் வண்டி கழுவச் சேர்ந்தேன். கழுவினேன், பஞ்சர் ஒட்டினேன், நசுங்கிய கதவுகளை டிங்கரிங் மேஸ்திரியோடு சேர்ந்து தட்டி எடுத்தேன். அந்த வருடங்களை எல்லாம் விரித்தால் மலர் தாங்காது. பாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய வண்டிக்கு விலை சொல்வதில் அந்தக் காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு மேல் ஆள் கிடையாது. வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் அப்படியே திரும்பி நடந்துவிடுவார். "சூடு பண்ணி வெச்ச இன்ஜினு சொல்லிக் குடுத்து இட்டாந்த சாட்சி மாதிரிபா. நாளிக்கு வரேன்" என்பார். மறுநாள் குளிர்ந்த இன்ஜினைத் தன் கையால் ஸ்டார்ட் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், அடுத்தவன் வண்டியில் கீறல் விழக்கூடாது என்று. அப்புறம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக் பெடல் ரப்பரைப் பார்ப்பார். ஸ்டியரிங் வளையம் எவ்வளவு தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது என்று பார்ப்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பார், அதுவும் அது எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. அதுவரை வாயே திறக்க மாட்டார். விற்க வந்தவனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து விழும்போது அந்தத் துணியை எடுப்பார்.

அது சாயம் ஏற்றாத பட்டுத் துணி. நெசவாளி நண்பர் ஒருவர் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தது. ஒரு கை அகலம், இரண்டு சாண் நீளம். வெறும் கை பெயின்ட்டின் மேல் ஒட்டிக்கொண்டு தடுக்கும். இடையில் பட்டைப் போட்டால் கை வழுக்கிக்கொண்டு போகும். தலைமுடி அளவு மேடு இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். வேறு ஊர்க்காரர்கள் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. பட்டு ஊர் வியாபாரிக்குத் தோன்றிய வித்தை. அந்தத் துணியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்து, மடித்துக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடம் அலசினேன்.

துணி மட்டும் போதாது என்பார் பாய். ஒரு வண்டியை அடிபட்ட வண்டி என்று சொல்ல மூன்று சாட்சி வேண்டும். முதல் சாட்சி கை. மேடு பள்ளம் இருக்கிறதா? இரண்டாவது காந்தம். நசுங்கின பள்ளத்தை நிரப்பப் பட்டி மாவு பூசியிருந்தால் காந்தம் பிடிக்காது. மூன்றாவது வெல்டிங். கதவு, டிக்கி ஓரத்து ரப்பரை உரித்துப் பார்த்தால் கம்பெனி வைத்த வெல்டிங் வட்ட வட்டமாக, ஒரே இடைவெளியில், அம்மை வடு மாதிரி தெரியும். இடித்து நிமிர்த்திய வண்டியில் அது அழிந்திருக்கும். "மூணும் சேந்து சொன்னாதான் அடிபட்ட வண்டி. ஒண்ணு மட்டும் சொன்னா, வாய மூடிக்கினு இரு. வண்டிக்கு வாய் கிடையாது, நீ சொல்றதுதான் அதும் பேரு" என்பார்.

விலை நியாயமா என்பதற்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். "வித்தவனும் வாங்கினவனும் ஆறு மாசம் கழிச்சி பஜார்ல பாத்துக்கினா, ஒண்ணா நின்னு ஒரு டீ குடிக்கணும். யாராவது ஒர்த்தன் மூஞ்ச திருப்பிக்கினு போனா, நாம சொன்ன வெல தப்பு."

பின்னாளில் ஊருக்கு வந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பார்ப்பது தனி வேலை. குடும்ப வண்டி என்றால் வாங்க நூறு பேர் வருவான்; இதற்கு மாவட்டத்திலேயே நாலு பேர் தேறினால் அதிகம். தாழ்வான வண்டி என்பதால் ஏறி இறங்கும்போது சீட்டின் வெளிஓரம் நசுங்கும். எத்தனை தடவை ஏறி இறங்கினார்கள் என்று அது சொல்லும். டயரின் தோள் தேய்ந்திருந்தால் திருப்பத்தில் விரட்டியிருக்கிறான் என்று அர்த்தம். பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் உதடு மாதிரி தடுக்கும்; உதடு பெரிதாக இருந்தால் விலையில் கழி. கீழே படுத்து அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அடிவயிறு கீறாத ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது வீட்டிலேயே நின்றிருக்கிறது என்று பொருள். நின்ற வண்டிக்கு வேறு நோய்கள் உண்டு. இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாயிடம் வேலை செய்த காலத்திலேயே, அவருக்கு அடுத்து நான்தான் என்று ஊரே சொன்னது.

அப்போதுதான் தணிகாசலம் வந்தான்.

நான் சேர்ந்து ஏழாவது வருடம். பெரிய காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம், ஆட்டோமொபைல் டிப்ளமோ, நெற்றியில் விபூதி, பையில் பேனா. பாய் சொல்வதை எல்லாம் முத்து முத்தான எழுத்தில் நோட்டில் எழுதுவான். பாய் என்னை "டேய் ஏழ்மல" என்பார். அவனைத் "தணிகா" என்பார். பிளாஸ்க் டீயைத் தனக்கு ஊற்றிக்கொண்டு, மூடியில் அவனுக்கு ஊற்றுவார். நான் முக்குக் கடைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன். ரம்ஜானுக்குப் பாய் வீட்டுப் பிரியாணியில் என் தட்டில் இரண்டு கறித்துண்டு, அவன் தட்டில் மூன்று. எண்ணினேன். அவனோ ஒரு துண்டை எடுத்து, "உனுக்குத்தான் புடிக்குமேணா" என்று என் தட்டில் போட்டான். அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

பாய்க்குக் கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டபோது, அந்தப் பட்டுத் துணியைத் தணிகாசலத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு நான் பாயிடம் போய் நின்றேன்.

"ஏன் பாய் அவனுக்கு? பதினோரு வருசம் தொவச்சது யாரு?"

பாய் கண்ணை இடுக்கிக்கொண்டு என் குரல் வந்த பக்கம் பார்த்தார். "அவன் கேட்டான், குடுத்தேன். நீ கேக்கலியேடா."

"கேட்டாதான் தெரியணுமா?"

"பின்ன? எனுக்கென்ன உன் மன்சுக்குள்ள ரப்பர உரிச்சா பாக்க முடியும்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே வெளியே வந்து தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். என் மனைவியின் கல்யாணப் பட்டு ரவிக்கைத் துணியை வெட்டி எனக்கென்று ஒரு துணி செய்துகொண்டேன். அதற்கு அவள் இன்னும் என்னைத் திட்டுகிறாள்.

பிறகு ஊரை நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். வாங்குகிறவன் என்னைக் கூப்பிட்டால் விற்கிறவன் அவனைக் கூப்பிடுவான். அவன் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் வாங்கினான். நான் கையை நம்பினேன். அவன் ஒவ்வொரு வண்டிக்கும் அறிக்கை எழுதிக் கொடுத்தான். நான் வாயால் சொன்னேன். இப்போது அவன் போனில் வீடியோ போடுகிறான், ஊரே பார்க்கிறது. நானும் பார்க்கிறேன், சத்தத்தைக் குறைத்துவிட்டு.

இனி அந்த வெள்ளை வண்டிக்கு வருகிறேன். நான்கு வருடத்துக்கு முந்திய கதை.

லோகநாதன் என்று ஒரு சாய மாஸ்டர் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. பட்டு நூலுக்கு அவர் ஏற்றும் அரக்குக்குத் தனி மதிப்பு. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், கூரையை மடக்கிவிடலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை மனைவி வசந்தாவை ஏற்றிக்கொண்டு திருமுக்கூடல் வரை போய், ஆற்றங்கரையில் நின்றுவிட்டுத் திரும்புவார். ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார். பட்டறையை வசந்தா எடுத்து நடத்தினார்.

பட்டறை இருந்தது வாடகை நிலத்தில். நிலத்துக்காரர் விற்க முடிவு செய்து, முதலில் வசந்தாவிடம்தான் கேட்டார். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. அதற்குள் பணம் வேண்டும். நிலத்தின் பின்பாதியில் கிணறு. சாயத்துக்குத் தண்ணீர்தான் எல்லாம். அந்த முழு நிலத்துக்காகத்தான் வசந்தா வண்டியை விற்க வந்தார். தணிகாசலம் பார்த்துப் பத்தொன்பது லட்சம் என்று சொல்லியிருந்தான். சென்னையிலிருந்து ஒரு பல் டாக்டர் வாங்க வந்தார். அவர் எனக்குப் போன் செய்தார்.

"பத்தொன்பது நியாயமா ஏழுமலை சார்?" என்று கேட்டார்.

"யாரு சொன்ன வெல?"

"தணிகாசலம்னு ஒருத்தர்."

அந்தப் பெயரைக் கேட்டதுமே வண்டியைப் பார்க்காமலே என் மனதில் விலை குறைந்துவிட்டது. இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பட்டறை வாசலில் கூடினோம். டாக்டர், நான், தணிகாசலம். வசந்தா அடுப்புப் பக்கத்திலிருந்து வந்து தூணோரம் நின்றார். முழங்கை வரை அரக்குச் சாயம். உள்ளே செம்புத் தொட்டியில் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. வண்டி பத்தடி தள்ளித் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றது.

பானெட் குளிர்ந்திருந்தது. பெடல், ஸ்டியரிங், சீட் ஓரம், டயர், டிஸ்க் எல்லாம் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அடிவயிற்றில் நம் ஊர் வேகத்தடைக் கீறல்கள், அவ்வளவுதான். எனக்கு வியர்த்தது. இப்படியே போனால் பத்தொன்பது சரி என்று என் வாயால் நானே சொல்ல வேண்டும். தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் சட்டைப்பையில் பாயின் துணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் துணியை எடுத்து முன்னாலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். இடது பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் விரல் நின்றது. அங்கே பெயின்ட் தடிப்பாக இருந்தது. சந்தேகமே இல்லை, அந்த இடம் மட்டும் மறுபடி பெயின்ட் அடித்தது.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? என் பெண்கள் பிறந்தபோதுகூட அப்படி வரவில்லை.

"இன்னா தணிகாசலம், இங்க இன்னா இருக்குது?"

"பெயின்ட்டுணா. எல்லாம் எழுதியிருக்கேன், பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினான்.

வாங்கினேன். முத்து முத்தான எழுத்து, ஒரு பக்கம் முழுக்க. அதை நான் படிக்க வேண்டுமென்றால் உதட்டை அசைத்து, எழுத்துக்கூட்டி, கால்மணி நேரம் ஆகும். தணிகாசலம் பார்த்துக்கொண்டு நிற்பான். டாக்டரும் பார்ப்பார். தாளை மடித்து டாக்டர் கையில் கொடுத்தேன்.

"பேப்பரு கெடக்குது டாக்டர், ஃபைல்ல வெச்சுக்குங்க. என் கை சொல்லுது, இது அடிபட்ட வண்டி. பட்டி பூசி மூடியிருக்குது. பதினஞ்சுக்கு மேல ஒரு ரூபா குடுக்காதீங்க."

தணிகாசலம் முகம் மாறியது. "அண்ணா, இன்னா பேசற நீ? ஒரு சாட்சி வெச்சா சொல்லுவ? காந்தம் எங்க? ரப்பர உரிச்சுப் பாத்தியா?"

"நீ எனுக்கு சொல்லித் தரியா? நான் துணி தொவச்சப்ப நீ எங்கடா இருந்த?"

"தொவச்சது இருக்கட்டும்ணா. ரப்பர உரி. அஞ்சு நிமிசம்."

தூணோரத்திலிருந்து வசந்தா, "அது இன்னான்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீ இரும்மா. நாங்க பேசிக்கினு இருக்கோம்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். நான் ரப்பரை உரிக்கவில்லை. காந்தம் என் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, மேலே தேடுவானேன்?

என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கு அது ஊர் முழுக்கப் போகும். செவ்வாய்க்கிழமைக்குள் போய்விட்டது. வண்டியைக் கேட்டிருந்த மற்ற இரண்டு பேரும் விலகினார்கள். வேறு ஊரில் வைத்து விற்கலாம், பத்து நாள் பொறுங்கள் என்று தணிகாசலம் வசந்தாவிடம் சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை பத்திரத்தை வைத்துக்கொண்டு அவர் எப்படிப் பொறுப்பார்? வியாழக்கிழமை டாக்டர் பதினைந்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். வசந்தா முன்பாதி நிலத்தை மட்டும் வாங்கினார். கிணறு இருந்த பாதியை வேறொருவர் வாங்கிச் சுவர் எழுப்பிவிட்டார்.

அந்த வருடம் முழுக்க நான் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடையில், சங்கக் கூட்டத்தில், கல்யாணப் பந்தியில். தணிகாசலத்தின் மீட்டருக்குத் தெரியாதது என் கைக்குத் தெரிந்தது என்று. சொல்லச் சொல்ல அடி பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் சின்ன உரசல். பிறகு லாரி மோதியது. ஒரு நாள் டீக்கடையில் யாரோ, "லோகநாதன் குடிச்சிட்டு ஓட்டியிருப்பாரு" என்றான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் டாக்டர் அந்த வண்டியை என்னிடமே கொண்டுவந்தார். டிக்கியில் தண்ணீர் இறங்குகிறது, ரப்பரை மாற்ற வேண்டும் என்றார். வண்டியை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். பழக்கமான வேலை, நானே உட்கார்ந்து ரப்பரை உரித்தேன்.

உள்ளே வெல்டிங் இருந்தது. வட்ட வட்டமாக, ஒரே இடைவெளியில், ஒன்றுகூட அழியாமல். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. எழுந்து போய்க் காந்தத்தை எடுத்து வந்து பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன். டக்கென்று பிடித்தது. இழுத்தேன், வர மறுத்தது. பட்டி இல்லை. அடி இல்லை. மூன்று சாட்சியில் இரண்டு என் கண்ணெதிரே என்னைப் பொய்யன் என்றன.

டேஷ்போர்டு பெட்டியில் ஃபைல் இருந்தது. அதில் தணிகாசலத்தின் தாள், நான் மடித்த மடிப்போடு. வண்டிக்குள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். "இடது பின்பக்கம்: கொதித்த சாயம் தெறித்துக் கறை. அந்த இடம் மட்டும் பெயின்ட் அடித்தது. காந்தம் பிடிக்கிறது. வெல்டிங் கம்பெனி வெல்டிங். அடி இல்லை." அந்தப் பக்கத்தில் இந்த இடத்தைப் பற்றி ஐந்தே வரி. கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

சாயத் தொட்டி பத்தடியில் கொதித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மாவின் முழங்கையையும் பார்த்தேன். பட்டு ஊரில் நாற்பது வருடம் தொழில் செய்தவனுக்குச் சாயம் தெறிக்கும் என்று தெரியாதா?

டாக்டர் பிரசாதத்தோடு வந்தார். தாளைக் காட்டி, "இத படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே படிச்சேனே. நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க, நான் எதுக்குக் குறுக்க பேசணும்? உங்களாலதான் எனக்கு நாலு லட்சம் மிச்சம் ஏழுமலை சார்" என்று சிரித்து, லட்டை என் கையில் வைத்தார்.

என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. லட்டையும்.

அந்த மாதமே கண் சரியில்லை என்று சொல்லித் தொழிலை விட்டேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இது மலரைப் படிக்கும் எல்லாருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். ஆனால் அந்த அம்மாவிடம் போகவில்லை. மூன்று வருடம் அந்தத் தெரு வழியாகவே போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். போய்ச் சொன்னால் தணிகாசலம் சரி என்று ஆகிவிடும். அதுதான் காரணம், வேறில்லை.

செயலாளர் வந்து கேட்டதும் முதலில் இந்த வண்டியை என் வெற்றியாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆறு பக்கக்காரனுக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல கதை என்னிடம் இல்லை. இரண்டு பத்தி எழுதினேன். "என் கை சொன்னது" என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. பேனாவை மூடிவிட்டு, அன்றைக்கு டாக்டரிடம் வாங்கின கமிஷனைக் கணக்குப் பார்த்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு, போன செவ்வாய்க்கிழமை சாயப்பட்டறைக்குப் போனேன்.

வாசலில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. குழாயைத் தொட்டிக்குள் விட்டு, லாரிக்காரரோடு வசந்தா ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். டீ கொடுக்கவில்லை.

"அம்மா, அந்த வண்டி அடிபட்ட வண்டி இல்லம்மா. சாயம் தெறிச்சது. எனுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது."

"எனுக்கு அப்பவே தெரியும். தொட்டிய எறக்கும்போது நான்தான் கைதவறி ஊத்தினேன். ரெண்டு நாள் அவுரு எங்கூட பேசல" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க என்ன கேக்கவே இல்லியே. சொல்ல வந்தேன், இருன்னுட்டீங்க." அவர் குழாயை ஒரு தட்டு தட்டி நிமிர்த்தினார். "நீங்க வண்டியக்கூட பாக்கல அண்ணா. தணிகாசலம் அண்ணன் மூஞ்சியையேதான் பாத்துக்கினு இருந்தீங்க."

கவரை நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கி, எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தண்ணி லாரிக்கு ஆவும்" என்றார்.

"வேற நான் இன்னா செய்யணும்மா?"

"கெணத்த நீங்க திருப்பிக் குடுக்க முடியாது. அவுரு பேரக் குடுங்க. குடிச்சிட்டு லாரியில உட்டாருன்னு ஊரு பேசுது. என் பொண்ணு கேட்டுட்டு வந்து அழுதா. அந்த மனுசன் பீடிகூடக் குடிச்சதில்ல. எத்தினி பேருகிட்ட இதச் சொன்னீங்களோ, அத்தினி பேருகிட்டயும் இல்லேன்னு சொல்லுங்க."

அத்தனை பேரையும் நான் எங்கே தேடுவது? டீக்கடையில் நின்றவன், பந்தியில் பக்கத்து இலைக்காரன் எல்லாம் யார் என்றே தெரியாது. ஆனால் நம் சங்க மலர் எல்லா வியாபாரிகளின் மேசைக்கும் போகும், டீக்கடைகளுக்கும் போகும். அதனால் இங்கே எழுதுகிறேன். சாய மாஸ்டர் லோகநாதனின் வெள்ளை வண்டி அடிபட்ட வண்டி இல்லை. அது எதன் மேலும் மோதவில்லை. அவர் குடித்து ஓட்டவில்லை. அதன் நியாயமான விலை பத்தொன்பது லட்சம். தணிகாசலம் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

கிளம்பும்போது வசந்தா ஒன்று சொன்னார். ஏழுமலை செய்தது தப்பு என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லட்டுமா என்று தணிகாசலம் அப்போதே கேட்டானாம். வண்டிதான் போய்விட்டதே, இனி ஏழுமலை அண்ணன் பேரும் கெட வேண்டாம் என்று இவர்தான் தடுத்தாராம். லோகநாதன் குடித்தார் என்ற பேச்சு அப்போது கிளம்பியிருக்கவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு வீடியோவிலும் சொல்லவில்லை. அவன் அப்படி இருந்ததற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. இது போகாது போலிருக்கிறது.

செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். என் போட்டோ வேண்டாம். நாலு பக்கத்துக்கு மேல் போனால் முன்னால் இருக்கும் என் பெருமைகளை வெட்டிக்கொள்ளுங்கள். லோகநாதன் வரும் இடத்தில் ஒரு வரிகூட எடுக்கக்கூடாது. இந்தக் கட்டுரையைத் தணிகாசலத்தின் கட்டுரைக்கு முன்னால் போடுங்கள். மலரைப் புரட்டுகிறவர்கள் முதலில் இருப்பதைத்தான் படிப்பார்கள், அந்த அம்மாவுக்கு அதுதான் வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

சரி, அதற்காக மட்டும் இல்லை.